வீடு நம்மது, அடிமனை யாருது?

போன வருஷம் வைகாசியில், ராத்திரி ஒன்பதரை மணிக்குச் சித்தப்பா போன் செய்தார். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் அவருக்குப் பன்னிரண்டு மா நிலம். மேட்டூர் திறக்கும்வரை காத்திருக்காமல், போர் தண்ணீரை நம்பிக் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்.

"கரண்ட் இருக்கு. மோட்டார் நல்லா இருக்கு. சிம்முல பணம் இருக்கு. போன்ல பட்டனை அமுக்குனா ஏதோ இங்கிலீஷ்ல வருது. நீதானடா கம்ப்யூட்டர் கடை வச்சிருக்க, என்னன்னு பாரு."

திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். வந்த வாசகத்தின் சாரம் இதுதான்: இந்த மாடலுக்கான சேவை முடிந்துவிட்டது, புது மாடலுக்கு மாறிக்கொள்ளவும்.

அவர் வைத்திருந்தது சிம் போட்ட மோட்டார் ஸ்டார்ட்டர். டெல்டாவில் இப்போது கொட்டகைக்குக் கொட்டகை பார்க்கலாம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே போனில் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். கரண்ட் வந்த நேரத்துக்கு டார்ச்சை அடித்துக்கொண்டு வரப்பில் ஓட வேண்டியதில்லை, பாம்பு பயம் இல்லை. நாலு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. அன்றைக்கு அவர் டார்ச்சைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகிற வழியில் இன்னொரு தடவை போன் செய்து ஒரு கேள்வி கேட்டார்:

"காசு குடுத்து வாங்குனது நான். என் கொட்டகையில இருக்கு. என் கரண்ட்ல ஓடுது. அதை நிறுத்துறதுக்கு அவன் யாருடா?"

கம்ப்யூட்டர் படித்த எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்து அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். விஷயத்தின் பெயர் மென்பொருள் உரிமம். உரிமம் வேறு, உரிமை வேறு. வால் மட்டும்தான் மாறுகிறது, ஆனால் மோட்டார் நின்றது அந்த வாலில்தான்.

முதலில் அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிடலாம். கண்ணுக்குத் தெரிவது ஒரு சர்க்யூட் போர்டு, ரெண்டு மூணு ரிலே (மின்சாரத்தில் ஒட்டிப் பிரிகிற சுவிட்ச்), ஒரு சிம் சொருகும் இடம். இது வன்பொருள். கையால் தொடலாம், காயில் கருகினால் மாற்றலாம், வேண்டாமென்றால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடலாம். இரண்டாவது, போர்டுக்குள் எழுதி வைத்திருக்கும் நிரல். 'இப்படிக் கட்டளை வந்தால் அந்த ரிலேயை ஒட்ட வை' என்று ஸ்டார்ட்டருக்குச் சொல்வது அதுதான். மூன்றாவது இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. சித்தப்பா திண்ணையில் பட்டனை அமுக்கினால் அந்தக் கட்டளை நேரே முந்நூறு அடி தள்ளியிருக்கும் கொட்டகைக்குப் போவதில்லை. எங்கோ இருக்கும் கம்பெனியின் சர்வருக்குப் போய், 'இந்த ஆள் நம்ம கணக்கில் இருக்காரா' என்று சரிபார்த்து, அங்கிருந்து திரும்பி வந்துதான் மோட்டாரைத் தட்டி எழுப்புகிறது.

இந்த மூன்றில் சித்தப்பா விலைக்கு வாங்கியது முதலாவதை மட்டும். இரண்டாவதைப் பயன்படுத்த அவருக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். மூன்றாவது, கம்பெனி வைத்திருக்கும்வரை இருக்கும்.

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிய வைக்க ஒரே ஒரு வார்த்தை போதும்: அடிமனை. வீட்டைக் கட்டியது நாம்தான். செங்கல், சிமெண்டு, தேக்குக் கதவு எல்லாம் நம் காசு. ஆனால் வீடு நிற்கிற மண் கோயிலுக்குச் சொந்தம், அதற்கு அடிமனை வாடகை கட்டி வருகிறோம். மூன்று தலைமுறையாகக் குடியிருந்திருப்போம், தாத்தா காலத்து ரசீதுகூடப் பெட்டியில் இருக்கும். இருந்தும் பேங்கில் வீட்டைக் காட்டிக் கடன் கேட்டால், மேனேஜர் காகிதத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்குவார். அன்றாடம் பார்க்கும்போது சொந்த வீடு மாதிரியேதான் இருக்கும். ஏதாவது ஒரு நாள் விற்கவோ, மாற்றிக் கட்டவோ, அடமானம் வைக்கவோ போகும்போதுதான் மண் யாருடையது என்கிற பேச்சு வரும்.

போன், டிவி, ஸ்டார்ட்டர் எதுவானாலும் இதே கதைதான். பெட்டி வீடு, அதற்குள் ஓடும் மென்பொருள் அடிமனை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. கோயில் தெரு முனையில் இருக்கிறது, எழுத்தரிடம் நேரில் போய்ச் சண்டை போடலாம்.

சரி, அந்த நிரலை நாமே திறந்து சரி செய்துகொள்ள முடியாதா என்று கேட்கலாம். நிரலை மனிதர்கள் எழுதும்போது அது ஓரளவு படிக்கக்கூடிய எழுத்தாகத்தான் இருக்கும். அதற்கு மூல நிரல் என்று பெயர். அதைக் கணினிக்குப் புரிகிற ஒன்றும் பூஜ்யமுமாக மாற்றிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். மூல நிரல் கம்பெனியிடமே தங்கிவிடும். கிரைண்டரிலிருந்து வழித்தெடுத்த இட்லி மாவைப் பார்த்து, எவ்வளவு உளுந்து, எத்தனை மணி நேரம் ஊறியது என்று ஒருத்தர் சொல்ல முடிந்தால் அவர் பெரிய கெட்டிக்காரர். மாவிலிருந்து அரிசிக்குப் போகிற அந்த வேலையைச் செய்கிற ஆட்கள் மென்பொருளிலும் இருக்கிறார்கள். ஆனால் மன்னார்குடி கடைத்தெருவில் காயில் கட்டும் அண்ணனிடம் அதை எதிர்பார்க்க முடியாது. கருகிய மோட்டாரை மோந்து பார்த்தே எந்த பேஸ் போயிருக்கிறது என்று சொல்பவர் அவர். அந்தக் கைத்திறன் இந்தச் சின்ன போர்டுக்கு முன்னால் நின்றுவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில், பின்னால் வந்த திருத்தங்களின்படி, கணினி நிரல் 'இலக்கியப் படைப்பு' என்ற வகைக்குள் வருகிறது. அதாவது மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற நிரலும் நாவலும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. எழுதியவருக்கே நகலெடுக்கும் உரிமை. நமக்குக் கிடைப்பது, அவர் வைக்கும் நிபந்தனைக்குட்பட்ட அனுமதி. அந்த அனுமதிச் சீட்டுதான் உரிமம்.

நிபந்தனைகளை எங்கே சொன்னார்கள்? ஆப்பை முதல் தடவை திறந்தபோது ஒரு நீண்ட ஆங்கிலப் பத்திரம் வந்திருக்கும். அடியில் 'ஏற்கிறேன்' என்றொரு பட்டன் இருந்திருக்கும். நிலப் பத்திரம் என்றால், பத்திர எழுத்தர் கிழக்கே இன்னார் நிலம், தெற்கே வாய்க்கால் என்று நான்கெல்லையும் சத்தமாக வாசிப்பார். எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கூட, 'வாய்க்கால் தெற்கே இல்லீங்க, மேற்கே' என்று குறுக்கிடலாம். இங்கே வாசிக்க ஆளும் இல்லை, குறுக்கிட இடமும் இல்லை. சித்தப்பாவின் பட்டனை அமுக்கியது ஸ்டார்ட்டர் மாட்ட வந்த பையன். 'இதை அமுக்குனாதான் ஓடும் ஐயா' என்று சொல்லி அவனே அமுக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. 2009 ஜூலையில் அமேசான், மின்புத்தகம் படிக்கிற தன் கிண்டில் கருவியில் விற்றிருந்த இரண்டு நாவல்களை வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அழித்தது. அவற்றை அங்கே விற்பனைக்கு வைத்தவருக்கு அதற்கான உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரு பள்ளி மாணவர் புத்தகத்தோடு சேர்த்து எழுதி வைத்திருந்த குறிப்புகள் பயனில்லாமல் போய், விவகாரம் கோர்ட்டுவரை சென்றது. அமேசான் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். கடைக்காரர் ராத்திரி நம் வீட்டுக்குள் வந்து, அலமாரியிலிருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மேஜை மேல் பணத்தை வைத்துவிட்டுப் போவதை நினைத்துப் பாருங்கள்.

ரெவால்வ் என்ற பெட்டியின் கதை சித்தப்பா கதைக்கு இன்னும் நெருக்கம். வீட்டு விளக்கு, கதவு எல்லாவற்றையும் போனிலிருந்து இயக்கும் கருவி அது. அந்தக் கம்பெனியை கூகுள் குடும்பத்தைச் சேர்ந்த நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தினார்கள். பெட்டி பழுதாகவில்லை, பல்ப் எரிந்து போகவில்லை. ஆனாலும் அந்தக் கருவி அன்றிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கட்டி.

டிராக்டரும் தப்பவில்லை. 2022இல் உக்ரைனின் மெலிடோபோல் நகரத்தில் ஒரு ஜான் டீர் விற்பனைக் கடையிலிருந்து ரஷ்யப் படையினர் டிராக்டர், அறுவடை இயந்திரம் என்று 27 வண்டிகளைக் கடத்திக்கொண்டு போனதாகச் செய்தி வந்தது. மதிப்பு ஏறத்தாழ 50 லட்சம் டாலர். வண்டிகள் செச்சினியா போய்ச் சேர்ந்தன. ஓட்டிப் பார்த்தால் ஓடவில்லை, தூரத்திலிருந்தே பூட்டிவிட்டிருந்தார்கள். படித்தபோது எனக்கும் 'நல்லா வேணும்' என்றுதான் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது, திருடனின் வண்டியை நிறுத்தும் அதே சுவிட்ச், தவணை கட்டி வாங்கியவனின் வண்டியையும் நிறுத்தும்.

அமெரிக்காவில் 1998இல் வந்த ஒரு சட்டத்தின்படி, மென்பொருள் பூட்டை உடைப்பதே குற்றம், பொருள் நம்முடையதாக இருந்தாலும் சரி. விவசாயி தன் டிராக்டரைத் தானே பழுது பார்ப்பதற்காக அந்தப் பூட்டைத் திறக்கலாம் என்ற விலக்கு 2015இல்தான் கிடைத்தது. விவசாயக் கருவிகளுக்கென்று பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியது கொலராடோ மாநிலம், 2023இல். நம் நாட்டில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்காக ஒரு குழு அமைத்தது. முதலில் கவனிக்க எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. மற்றவை செல்போன், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனம். அதே வருஷம் டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தார்கள். அதைப் பற்றிச் சித்தப்பாவிடம் சொன்னேன். "அதுல மெக்கானிக் வருவானா?" என்றார்.

டெல்டாவில் குத்தகைக்காரருக்கு எதுவும் சும்மா கிடைத்துவிடவில்லை. வாய்ப்பேச்சில் நிலத்தை விட்டு, வாய்ப்பேச்சிலேயே வெளியேற்றிய காலம் இருந்தது. போராட்டங்களுக்குப் பிறகு, தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே 1952இல் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955இல் மாநிலம் முழுக்க சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956இல் நியாயக் குத்தகைச் சட்டம் என்று தொடர்ந்தது. நிலம் உன்னுடையதாக இருக்கலாம், ஆனால் உழுகிறவனை நினைத்த நேரத்தில் இறக்கிவிட முடியாது என்பதுதான் அவற்றின் பொருள். மென்பொருளில் நாம் எல்லோரும் குத்தகைக்காரர்கள், ஆனால் நமக்கு அந்த 1952 இன்னும் வரவில்லை. எங்காவது சின்ன அசைவு தெரிகிறது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, டிஜிட்டல் பொருளுக்கு 'வாங்கு' என்று பட்டன் வைத்தால், கிடைப்பது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சொன்னால் போதுமா என்று கேட்டால் போதாதுதான். பத்திரத்தை ஒருத்தர் வாசித்துக் காட்டுகிற அளவுக்காவது வந்திருக்கிறது.

அடிமனை நம்முடையதாகவே இருக்கும்படி மென்பொருள் எழுத முடியாதா? முடியும், எழுதியும் வைத்திருக்கிறார்கள். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலர் வேலை பார்த்தார். பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கினால், அச்சுக்காகக் காத்திருக்கும் எல்லோருடைய திரைக்கும் தகவல் போகும்படி நிரலை அவர் மாற்றி வைத்திருந்தார். பிறகு ஜெராக்ஸ் கம்பெனியின் புது பிரிண்டர் வந்தது, அதற்கு மூல நிரல் கொடுக்கவில்லை. அதை வைத்திருந்த ஒருவரிடம் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். காகிதம் சிக்கிய பிரிண்டரில் தொடங்கிய எரிச்சல், 1983இல் யாரும் திறந்து மாற்றக்கூடிய இயங்குதளம் எழுதும் குனு திட்டமாகவும் 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையாகவும் வளர்ந்தது. நான்கு சுதந்திரங்கள் என்றார்: எதற்காகவும் ஓட்டலாம், திறந்து படித்து மாற்றலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். எண்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்: முதலில் மூன்றுதான் இருந்தன, ஓட்டும் சுதந்திரத்தைப் பின்னால் முன்னே சேர்த்தபோது அதற்குப் பூஜ்யம் என்று எண் போட்டார்கள்.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்றால் இலவசமா, சுதந்திரமா என்று அவர்கள் இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் 'கட்டற்ற' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டோம், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். தமிழில் தட்டச்சு செய்ய நிறையப் பேர் கணினியில் போட்டிருக்கும் எ-கலப்பையும் கட்டற்ற மென்பொருள்தான். பெயர் வைத்தவர்களுக்கு வயல் வாசம் தெரிந்திருக்கிறது.

இதில் ஒரு சந்தேகம் வரும். எல்லோருக்கும் திறந்து கொடுத்துவிட்டால், ஒரு கம்பெனி அதை எடுத்து நாலு வரி சேர்த்துப் பூட்டி விற்காதா? அதற்குத்தான் ஜிபிஎல் என்ற உரிமம், 1989இல் எழுதப்பட்டது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கட்டிமேட்டைச் சேர்ந்த நெல் ஜெயராமன், 2018 டிசம்பரில் மறைந்தவர், மாப்பிள்ளைச் சம்பா மாதிரி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்தார். நெல் திருவிழாவுக்கு வரும் விவசாயிக்கு 2 கிலோ விதைநெல் காசு வாங்காமல் கொடுப்பார்கள். அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது இன்னும் இரண்டு பேருக்குப் போகும். ஜிபிஎல்லின் ஏற்பாடும் கிட்டத்தட்ட இதுதான்: எடுத்துக்கொள், மாற்று, காசுக்கு விற்றாலும் பரவாயில்லை, ஆனால் யாருக்குக் கொடுத்தாலும் மூல நிரலோடும் இதே சுதந்திரத்தோடும் கொடு. இன்றைக்கு ஆண்ட்ராய்டு போன்களின் அடியில் இருக்கும் லினக்ஸ் கருவே இந்த உரிமத்தில் வந்ததுதான். அதன் மேலே பூட்டிய அறைகளைக் கட்டிக்கொண்டார்கள் என்பது வேறு சோகம்.

நெல் பேச்சு வந்ததால் இன்னொன்று. 2001ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம், பதிவு பெற்ற ரகமாகவே இருந்தாலும் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்க, மறுபடி விதைக்க, அக்கம்பக்கத்தில் மாற்றிக்கொள்ள, விற்கவும்கூட விவசாயிக்கு உரிமை தருகிறது. பதிவு பெற்ற ரகம் என்று லேபிள் ஒட்டிய பொட்டலமாக மட்டும் விதையை விற்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் சித்தப்பாவுக்குப் பத்தாயத்தில் இருக்கும் நெல்லின் மேல் உள்ள உரிமை, சுவரில் மாட்டியிருக்கும் ஸ்டார்ட்டரின் மேல் இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, எல்லாமே கட்டற்றதாக இருக்க வேண்டும், கம்பெனிக்காரன் கையே படக் கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போனில் பாதுகாப்பு ஓட்டை அடைக்க அப்டேட் அனுப்புகிற கையும் அதே கைதான், அந்தக் கை இல்லாவிட்டால் திருட்டு ஆப்புகள் பேங்க் கணக்கைத் துடைத்துவிடும். சினிமா பார்க்க மாசச் சந்தா கட்டுவதிலும் எனக்கு வருத்தமில்லை, வாடகை என்று தெரிந்தே கொடுக்கிறேன். விற்பனை என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு, வாடகைக்கு விட்ட மாதிரி நடந்துகொள்வதுதான் பொறுக்கவில்லை.

மறுநாள் காலையில் மெக்கானிக் அண்ணன் வந்தார். ஸ்டார்ட்டரின் மூடியைக் கழற்றி, சிம் போர்டிலிருந்து வந்த இரண்டு ஒயரைப் பிடுங்கி இன்சுலேஷன் டேப் சுற்றினார். பழைய பச்சை, சிவப்புப் பட்டனுக்குப் போகிற ஒயர்களை முடுக்கிவிட்டுப் பச்சையை அமுக்கினார். மோட்டார் எடுத்துக்கொண்டது. மொத்தம் இருபது நிமிஷம், முந்நூறு ரூபாய், ஒரு டீ. நல்ல வேளை, நாலு வருஷத்துக்கு முன்னால் மாட்டும்போது அந்தப் பட்டன்களைத் தூக்கிப் போடாமல் விட்டு வைத்தவரும் அவர்தான்.

இப்போது யாராவது சிம் ஸ்டார்ட்டர், கேமரா, எதைப் பற்றி என் கடையில் விசாரித்தாலும், பொருளை விட அதன் அடிமனையைப் பற்றித்தான் முதலில் கேட்கச் சொல்கிறேன். ஸ்டார்ட்டரிலேயே இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, நம் போனிலிருந்து மிஸ்டு காலோ எஸ்எம்எஸ்ஸோ போனால் நேரே பெட்டி எடுத்துக்கொள்ளும். நடுவில் சிம் கம்பெனி மட்டும்தான், ஸ்டார்ட்டர் செய்த கம்பெனி நாளைக்கே கடையைக் கட்டினாலும் இது ஓடும். இதிலும் பெட்டி 2ஜி மட்டும் தெரிந்ததா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. இன்னொன்று சித்தப்பாவுடையது மாதிரி, ஆப் வழியாக சர்வருக்குப் போய் வருவது. பார்க்க அழகாக இருக்கும், எத்தனை மணி நேரம் ஓடியது என்று படம் போட்டுக் காட்டும். அதையே வாங்கினாலும், நெட் இல்லாவிட்டால் கையால் போட முடிகிறதா என்று கடையிலேயே ஒரு தடவை சிம்மைக் கழற்றிவிட்டுப் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். வேறு மெக்கானிக் பிரித்தால் வாரண்டி போய்விடுமா, சர்வருக்கு எத்தனை வருஷம் உத்தரவாதம் என்பதை பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லலாம். எழுதித் தர மாட்டார்கள். கேட்டபோது கடைக்காரர் முகம் போகிற போக்கிலேயே பாதி தெரிந்துவிடும்.

போன மாசம் சித்தப்பா, புது மாடல் பார்க்க என்னையும் மன்னார்குடிக்கு இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் போனைத் தட்டித் தட்டி எல்லாவற்றையும் காட்டினார். சித்தப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, இதோட சர்வர் எந்த ஊருல இருக்கு?" என்றார்.

கடைக்காரர் ஒரு நிமிஷம் விழித்தார். "அதெல்லாம் நல்ல இடத்துலதாங்க இருக்கு ஐயா."

"பட்டன் வச்ச ஸ்டார்ட்டர் இருந்தா அதையும் ஒண்ணு எடுங்க" என்றார் சித்தப்பா.